கூடங்குளம் மூன்றாம் உலையும் ஓய்வுபெற்ற ஒரு வெளியுறவுச் செயலரும்

ராதாபுரம் வட்டத்தில், கூடங்குளம் அணுமின் நிலைய வளாகத்தில் மூன்றாவது உலைக்கான முதல் கான்கிரீட் 2017 ஜூன் 29 அன்று போடப்பட்டது. நான்காவது உலைக்கு அதே ஆண்டு அக்டோபரில். எங்கள் பக்கம் இந்த நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ரஷ்யா, டெல்லி, அணுசக்தித் துறை, போராட்டக் குழு, போலீஸ் என்று எல்லாரும் வந்துபோவார்கள். ஷியாம் சரண் என்ற பெயர் மட்டும் வராது. 2006 செப்டம்பர் கடைசியில் வெளியுறவுச் செயலர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு, பிரதமரின் சிறப்புத் தூதராக, அவர் செய்த வேலைக்கும் இரண்டு உலைகளோடு நிற்க வேண்டியிருந்த இந்த வளாகம் ஆறு உலைகளுக்கு விரிந்ததற்கும் நேரான தொடர்பு உண்டு.

ஓய்வுபெற்ற தூதர்கள் நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்கு எப்படி உதவுகிறார்கள் என்று கேட்டால் பொதுவான பதில் எளிது. கட்டுரை எழுதுகிறார்கள், டிவியில் விளக்குகிறார்கள், கருத்தரங்குக்குப் போகிறார்கள். இதில் பிடிமானமாக ஒன்றும் கிடைக்காது. அதனால் நெல்லை மண்ணில் பலன் கண்ணுக்குத் தெரிகிற இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க, இந்தக் கடற்கரையை வேறு விதத்தில் தொட்ட 1983-ம் ஆண்டின் இன்னொரு தூதையும் பார்க்கலாம்.

இரண்டோடு நின்ற கதை

கூடங்குளம் ஒப்பந்தம் 1988 நவம்பர் 20-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு. மூன்று ஆண்டில் சோவியத் யூனியனே கலைந்தது. 1992-ல் அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு ஒரு நிபந்தனையை வைத்தது: தன் எல்லா அணு நிலையங்களையும் சர்வதேசக் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலையும் எரிபொருளும் தரக் கூடாது. இந்தக் குழு பிறந்ததே 1974-ல் நாம் பொக்ரானில் நடத்திய சோதனைக்குப் பிறகுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நிபந்தனை யாரைக் குறிவைத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1988 ஒப்பந்தம் அந்த நிபந்தனைக்கு முந்தையது. அதனால் முதல் இரண்டு உலைகளும் தப்பின. 1998-ல் துணை ஒப்பந்தம் போட்டு, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. இன்னும் உலைகள் வேண்டும் என்று இந்தியா கேட்டது. ரஷ்யாவுக்கும் விற்க ஆசைதான். ஆனால் அது குழுவின் உறுப்பு நாடு. 2007 ஜனவரியில் புதின் டெல்லி வந்தபோது மேலும் நான்கு உலைகளுக்கு விருப்பக் குறிப்பு மட்டும் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் மன்மோகன் சிங் மாஸ்கோ போனார். முழு ஒப்பந்தம் கையெழுத்தாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தும் கையெழுத்தாகவில்லை. கூடங்குளத்தின் மூன்றாவது உலை மாஸ்கோவிலோ டெல்லியிலோ முடிவாகிற விஷயமாக இல்லை. அந்தக் குழுவின் 45 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரே ஒரு கோப்போடு ஒருவர்

2005 ஜூலை 18-ல் மன்மோகன் சிங்கும் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் சிவில் அணு ஒத்துழைப்பு பற்றி வெளியிட்ட கூட்டறிக்கையிலிருந்து இது தொடங்குகிறது. அப்போது வெளியுறவுச் செயலர் சரண். இந்தியாவின் 22 மின் உலைகளில் 14-ஐ சிவில் உலைகளாகப் பிரித்துக் கண்காணிப்புக்கு உட்படுத்தும் திட்டம் 2006 மார்ச்சில் முடிவானபோதும் அவர்தான் அந்தப் பதவியில். அந்தப் 14-க்குள் கூடங்குளத்தின் முதல் இரண்டும் அடக்கம். ஆக, அமெரிக்காவோடு நடந்த பேச்சில் எந்தச் சொல்லை இந்தியா விட்டுக்கொடுத்தது, எதை விடவில்லை, ஏன் விடவில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. செப்டம்பரில் ஓய்வு. புதிய செயலராகச் சிவசங்கர் மேனன் வந்தார். குழுவின் நாடுகளைச் சம்மதிக்க வைக்கும் இந்த ஒரு வேலையை மட்டும் சரணே பார்க்கட்டும் என்று பிரதமர் வைத்துக்கொண்டார்.

ஏன் ஓய்வுபெற்றவர்? பதவியில் இருக்கும் வெளியுறவுச் செயலரின் மேசையில் ஒரே நாளில் பாகிஸ்தான், நேபாளம், சீன எல்லை, ஐ.நா. வாக்கெடுப்பு எல்லாம் வந்து விழும். ஒரு தலைநகரில் உட்கார்ந்திருக்கும் நம் தூதருக்கு அந்த நாட்டைத் தெரியும், பேச்சுவார்த்தையின் முழு வரலாறு தெரியாது. இந்தக் குழுவில் முடிவு ஒருமித்த கருத்தால் எடுக்கப்படும். ஒரு சின்ன நாடு வேண்டாம் என்றாலும் முடிந்தது. அப்படியானால் அமெரிக்காவுக்குக் கொடுக்கும் அதே நேரத்தையும் பொறுமையையும் அயர்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் கொடுக்க வேண்டும். அணு ஆயுதப் பரவல் எதிர்ப்பைத் தங்கள் கொள்கையாகவே கொண்ட நாடுகள் அவை. இந்தியாவின் மீது அவர்களுக்குப் பகை கிடையாது, நியாயமான கேள்விகள் இருந்தன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாட்டுக்கு விலக்கு கொடுத்தால் கையெழுத்திட்ட நாடுகள் ஏமாளிகளா என்று கேட்டார்கள். இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லக்கூடிய ஆள் வேண்டும். 1998-க்குப் பிறகு இந்தியா தானாகக் கடைப்பிடிக்கும் சோதனைத் தடை, 2005-ல் கொண்டுவந்த பேரழிவு ஆயுதத் தடைச் சட்டம், அணுத் தொழில்நுட்பத்தை வெளியே கசியவிடாத வரலாறு என்று நம் பக்கத்து வாதங்கள் வலுவானவை. அவற்றை எடுத்துச் சொல்கிறவர் உள்ளே இருந்து எழுதியவராக இருந்தால் எதிரே இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது தடுமாற மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வுபெற்றவருக்கு அடுத்த போஸ்டிங் பற்றிய கவலை இல்லை. எந்தத் தலைநகரில் நம் வாதம் எடுபடவில்லை என்பதைப் பிரதமரிடம் அப்படியே சொல்லலாம். என் பார்வையில், ஒரு ஓய்வுபெற்ற தூதரால் அரசுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இந்தக் கசப்பான செய்திதான்.

அதற்குள் உள்நாட்டில் அமெரிக்க உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கினார்கள். 2008 ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275-க்கு 256 என்று தப்பியது. ஆகஸ்ட் 1-ல் சர்வதேச அணுசக்தி முகமை கண்காணிப்பு ஒப்பந்தத்தை ஏற்றது. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் வியன்னாவில் கூடிய 45 நாடுகளின் குழு முடிவெடுக்காமல் கலைந்தது. ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து, நெதர்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆறும் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி கூடினார்கள். செப்டம்பர் 5-ல் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி இந்தியாவின் அணு ஆயுதப் பரவல் தடை நிலைப்பாட்டை அறிக்கையாக உறுதிப்படுத்தினார். மறுநாள் 1992 நிபந்தனையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு கிடைத்தது.

சரண் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி நாட்களில் அமெரிக்கா கொடுத்த அழுத்தம் பெரிது. பிரணாப் அறிக்கையின் பங்கும், மேனனும் தூதரக அதிகாரிகளும் உழைத்த உழைப்பும் பெரிது. ஆனால் கடைசி நாளில் அழுத்தம் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன் வாதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுத வேலையில் ஓய்வுபெற்ற ஒருவரின் பங்கு கணிசமானது.

விலக்கு கிடைத்து மூன்று மாதத்தில், 2008 டிசம்பர் 5-ல், ரஷ்ய அதிபர் மெத்வதேவ் டெல்லி வந்தபோது கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்புறம் 2010-ல் அணு விபத்துப் பொறுப்புச் சட்டம் வந்தது. உலை விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம் என்ற பிரிவைப் பார்த்து ரஷ்யா தயங்கியது. பேச்சு 2014 வரை இழுத்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகளின் முதல் கான்கிரீட் 2021-ல்.

1983: கையெழுத்தில்லாத காகிதம்

இனி ஒப்பீட்டுக்கான நிகழ்வு. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் இலங்கை இராணுவத்தினர் 13 பேர் இறந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட ஊர் அது. மறுநாளிலிருந்து கொழும்பிலும் மற்ற இடங்களிலும் தமிழர்கள் மீது நடந்த கொலைகளையும் தீவைப்பையும், வெலிக்கடைச் சிறையில் 53 கைதிகள் கொல்லப்பட்டதையும் விரிக்கப் போவதில்லை. தமிழில் படிக்கும் யாருக்கும் அது தெரியும். அன்றைக்குத் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1986 அக்டோபரில்தான் பிரிந்தது. கொழும்போடு தலைமுறை தலைமுறையாக வியாபாரமும் உறவும் வைத்திருந்த ஊர்கள் இவை. அங்கே கடை வைத்திருந்தவர்களும் வேலைக்குப் போனவர்களும் இங்கே எத்தனையோ குடும்பங்களில் இருந்தார்கள்.

இந்திரா காந்தி அனுப்பிய தூதர் ஜி. பார்த்தசாரதி. 1912-ல் பிறந்தவர், அப்போது வயது 71. இந்தோனேசியா, சீனா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் தூதராகவும், ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் இருந்துவிட்டு, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். 1974-ல் ஷேக் அப்துல்லாவின் சார்பில் வந்த மிர்சா அப்சல் பெக்கோடு பேசிக் காஷ்மீர் உடன்பாட்டை முடித்தவரும் இவரே. ஆகஸ்ட் கடைசியில் கொழும்பு போனார், நவம்பரில் மறுபடி போனார்.

அவர் போனதற்கான சூழலைக் கவனியுங்கள். 1983 ஆகஸ்ட்டில் இலங்கை நாடாளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவால் அவர்களோடு நேரில் உட்கார முடியவில்லை, அவர்களுக்கும் உட்கார மனமில்லை. நடுவில் ஒருவர் வேண்டும். பதவியில் உள்ள இந்திய அதிகாரி இரு பக்கமும் காகிதம் கொண்டுபோனால் அது இந்தியாவின் கோரிக்கையாகிவிடும். பார்த்தசாரதி கொண்டுபோனால் ஒரு பெரியவரின் யோசனையாக மேசையில் வைக்கலாம்; பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

அப்படி உருவானதுதான் 'அனெக்சர் சி'. நவம்பர் கடைசியில் காமன்வெல்த் மாநாட்டுக்கு ஜெயவர்த்தனா டெல்லி வந்தபோது அதற்கு வடிவம் கிடைத்தது. மாவட்ட சபைகள் ஒன்றுசேர்ந்து பிராந்திய சபை ஆகலாம், அதற்கு ஒரு முதலமைச்சர், உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கும் நிலக் கொள்கையும் சபையின் கையில், திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசிடம் என்று போகும் திட்டம் அது. 1984 ஜனவரி 10-ல் கொழும்பில் சர்வகட்சி மாநாடு தொடங்கியது. உள்ளே பௌத்த பிக்குகளின் எதிர்ப்பும் ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் கிளம்பியதும், அந்தக் காகிதம் யாருடையது என்ற கேள்வி வந்தது. அதில் ஜெயவர்த்தனாவின் கையெழுத்து இல்லை. தன்னுடையது இல்லை என்று அவரால் விலகிக்கொள்ள முடிந்தது. டிசம்பரில் மாநாடு பலனில்லாமல் முடிந்தது.

இடையில் அக்டோபர் 31-ல் இந்திரா கொல்லப்பட்டார். பார்த்தசாரதியின் அதிகாரம் முழுக்க அவர் ஒருவரின் நம்பிக்கையில் நின்றிருந்தது. 1985-ல் ராஜீவ் அரசு இலங்கைக் கோப்பைப் புதிய வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரியிடம் கொடுத்தது. பெரியவர் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இந்திய மண்ணில் தமிழ் ஆயுதக் குழுக்களுக்குப் பயிற்சியும் நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதை மதிப்பிட வேண்டும். ஒரு கையில் சமரச வரைவு, மறு கையில் துப்பாக்கிப் பயிற்சி என்று அரசு இரண்டு பாதையில் போனால் எந்தத் தூதரின் பேச்சுக்கும் எதிர்ப்பக்கத்தில் மரியாதை இருக்காது. ஜெயவர்த்தனா நம்பாததற்கு இது போதுமான காரணம்.

ஆனாலும் அந்தக் காகிதம் சாகவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையிலும் அதே ஆண்டு நவம்பரில் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின் மாகாண சபைகளிலும் அதன் எலும்புக்கூடு தெரிகிறது. முதலமைச்சர் உண்டு, காவல், நிலம் பற்றிய அதிகாரப் பேச்சு உண்டு. 1984-லேயே ஒப்புக்கொண்டிருந்தால் இடையில் போன உயிர்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் இதைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

எது வேறுபட்டது

இரண்டு தூதர்களும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. சரண் போனபோது அரசின் நிலைப்பாடு ஒன்றாக இருந்தது, அமைச்சகம் பின்னால் நின்றது, பேச்சின் முடிவு ஒரு சர்வதேசக் குழுவின் எழுத்துப்பூர்வ முடிவாக வரும் என்பது முன்கூட்டியே தெரியும். பார்த்தசாரதி போனபோது அரசின் கொள்கை இரண்டாக இருந்தது, முடிவு எந்த வடிவில் வரும், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. யாருடையதும் இல்லாத காகிதம் பேச்சைத் தொடங்க உதவும். நிறைவேற்றும் நேரத்தில் அதைத் தாங்க ஆள் இருக்காது. பாகிஸ்தானோடு 2005-லிருந்து சதீந்தர் லாம்பா நடத்திய மறைமுகப் பேச்சுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். அவரும் ஓய்வுபெற்ற தூதர். காஷ்மீர் பற்றிய வரைவு வெகுதூரம் போனது. 2007-ல் முஷாரப்பின் நிலை ஆட்டம் கண்டதும் கையெழுத்துப் போட மறுபக்கத்தில் பலமுள்ள கை இல்லை.

இவை தவிர்த்த மற்ற பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991-ல் நீம்ரானாவில் தொடங்கிய இந்தியா-பாகிஸ்தான் உரையாடல் போன்ற, அரசுப் பதவியில் இல்லாதவர்கள் நடத்தும் இரண்டாம் தடப் பேச்சுகளில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் தூதர்களின் சங்கம் டெல்லியிலிருந்து ஒரு ஆய்விதழ் நடத்துகிறது. அதில் வரும் வாய்மொழி வரலாறுகள் மிகவும் மதிப்புள்ளவை. வெளியுறவு அமைச்சகம் 2010-லிருந்து ஓய்வுபெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிச் சொற்பொழிவு நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது.

இடிந்தகரை

இந்த ஆய்வில் எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். 45 நாடுகளைச் சமாதானப்படுத்த இந்தியா தன் மிகச் சிறந்த மூளைகளை உலகம் முழுக்க அனுப்பியது. உலை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இடிந்தகரையில், லூர்து மாதா கோவில் முன்னால் உட்கார்ந்திருந்த மக்களிடம் அப்படி யாரையும் அனுப்பவில்லை.

2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே போராட்டம் சூடு பிடித்தது. மத்திய அரசு விஞ்ஞானிகள் குழு ஒன்றை அமைத்தது. நவம்பர் 6-ல் அப்துல் கலாம் வந்து நிலையத்தைப் பார்வையிட்டுப் பாதுகாப்பானது என்றார். போராடியவர்களைச் சந்திக்காமல் போனார். 2012 செப்டம்பர் 10-ல் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் 15 உத்தரவுகளோடு நிலையத்தை அனுமதித்தது.

அந்த மக்கள் கேட்ட கேள்விகளில் பல விஞ்ஞானியிடம் கேட்க வேண்டியவையே அல்ல. எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும் என்று கேட்டார்கள். 1988 ஒப்பந்தத்தின்படி அதை சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. 1998-ல் அது மாறியது; இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று ஆனது. ஏன் மாறியது, அதனால் இந்தியாவுக்கு என்ன கிடைத்தது, இந்தக் கடற்கரைக்கு என்ன கடமை வந்தது என்பதெல்லாம் இரு நாடுகள் பேசி எடுத்த முடிவுகள். விபத்து நடந்தால் ரஷ்யக் கம்பெனியின் பொறுப்பு என்ன என்று கேட்டார்கள். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதற்கு வெளியுறவுத் துறையில் வேலை பார்த்த ஒருவரால்தான் நேராகப் பதில் சொல்ல முடியும். பதவியில் உள்ளவர் வாயைத் திறந்தால் நாளைக்கு அது அரசின் வாக்குறுதி ஆகிவிடும் என்று தயங்குவார். அது புரிகிறது. ஓய்வுபெற்றவருக்கு அந்தக் கட்டு தளர்வாக இருக்கிறது. வியன்னாவில் அயர்லாந்தின் கேள்விக்குக் கொடுத்த மரியாதையை இங்கே மீன் வலையோடு வந்து உட்கார்ந்த அம்மாமாருக்கும் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்களை ஒரு பொருட்டாக மதித்துப் பேசினார்கள் என்ற எண்ணமாவது மிஞ்சியிருக்கும். கேள்வி கேட்டவர்களை எதிரியாகப் பார்த்தது நம் அரசு செய்த பெரிய தவறு.

வெளியுறவுக் கொள்கை இந்த ஊரைத் தொடுவது உலையோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைன் கடலோரக் காவல்படையிடம் பிடிபட்டார்கள். ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். எல்லை தாண்டியதாகக் குற்றச்சாட்டு. ஆறு மாதத் தண்டனை மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டு டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். தூதரகம் வேலை செய்தது. வீட்டில் இருந்தவர்கள் மட்டும் கலெக்டர் ஆபீசுக்கும் அரசியல்வாதிகள் வீட்டுக்கும் மனுவோடு அலைந்தார்கள்.

வெளிநாட்டில் பிடிபட்டவரைத் தன் நாட்டுத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமை 1963-ன் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கைதானவர் கேட்டால் அந்த நாடு தாமதமில்லாமல் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கேட்க வேண்டும் என்பது படகில் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வளைகுடாவில் நான்கைந்து நாடுகளின் கடல் எல்லைகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன, முதலாளி பிடித்து வைத்திருக்கும் பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்வது, எந்த விசாவில் போனால் தூதரகக் கணக்கில் பெயர் இருக்கும், ஊரிலிருந்து மனுவை எந்த இணையதளத்தில் பதிவு செய்வது என்பதெல்லாம் வளைகுடாத் தலைநகரங்களில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு மனப்பாடம். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், சென்னையில் வசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகமும் இருக்கிறது.

எனவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பல்கலைக்கழகங்களுக்குப் போகும் அந்தச் சொற்பொழிவு வரிசையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி, பெருமணல் ஆகிய ஊர்களின் சமுதாயக் கூடங்களையும் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு வைத்தால் கடலுக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களும் ஒன்றாக வருவார்கள். முதல் கூட்டத்துக்கு ஈரான், பஹ்ரைன், கத்தார் கடல் எல்லைகள் வரைந்த ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டு வாருங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு 1988, 1998, 2008 ஒப்பந்தங்களில் வெளியிடக்கூடிய பகுதிகளைத் தமிழில் அச்சடித்துக் கொண்டு வாருங்கள். கேள்விகள் நிறைய வரும்; வருகிறவர் நேரம் ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும்.